சுவரும் மூச்சு விடட்டும்

கண்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பாசி சுரண்டும் வேலை ஓய்வதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் இங்கே மழை தரும், வடகிழக்கும் தரும். மலைச்சரிவைப் பார்த்த பின்சுவர் வருடம் முழுக்க ஈரம்தான்.

அதற்கு நாம் வழக்கமாகச் செய்வது, மேலே இன்னொரு தடவை பெயின்ற் அடிப்பது. எண்ணெய் பெயின்ற் மழையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அத்திவாரத்திலிருந்து செங்கல் உறிஞ்சிய ஈரத்துக்கும் அதே பெயின்ற் வழியை அடைத்துவிடுகிறது. சுவர் கொப்பளிக்கிறது. அந்தக் கொப்பளத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள்: பெயின்ற் தோலாக உரியும், உள்ளே உப்புப் பூத்த சாந்து மாவாய் உதிரும்.

நுண்ணிய துகள்கள் கலந்த நனோ பூச்சின் பெரிய நன்மை இந்த இடத்தில்தான். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். இந்தப் பூச்சிலுள்ள சிலிக்காத் துகள்களோ 100 நனோமீற்றருக்கும் குறைவு. அவை சுவரின் நுண்துளைகளை அடைப்பதில்லை. துளைகளின் உட்பக்கத்தில் படிந்து, அதை நீர் ஒட்டாததாக்குகின்றன. மழைத்துளி சேம்பிலையிலும் தாமரை இலையிலும் உருளுவதுபோல் உருண்டு ஓடிவிடும். உள்ளே இருக்கும் ஈரமோ ஆவியாக வெளியேறும். தாமரை இலையின் இந்த இரகசியத்தை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் 1997இல் விரிவாக விளக்கினார். இரண்டு வருடத்தில் அதே தத்துவத்தில் வெளிச்சுவர் பெயின்ற் சந்தைக்கு வந்தது.

இன்னொரு வகை தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பூச்சு. வெயிலின் ஊதாக்கடந்த கதிர் பட்டதும் அழுக்கையும் பாசியையும் அதுவே சிதைக்கும். வெயில் எட்டாத பின்சுவரில் அதைப் பூசுவது வீண்செலவு. விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு, நாம்தான் கேட்க வேண்டும். பழைய பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது வேலையாட்கள் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். அந்த நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மரத்துக்கு வருவோம். எம்பக்கே தேவாலயத்தின் 14ஆம் நூற்றாண்டுத் தூண்களில் செதுக்கிய அன்னத்தின் இறகுக் கோடுகளைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை எவ்வளவு நுணுக்கமானவை என்று. தடித்த வார்னிஷ் அத்தகைய கோடுகளை நிரப்பிவிடும், நாளடைவில் மஞ்சளாகும். நனோ அளவு நாக ஒட்சைட்டோ மரத்தைக் கெடுக்கும் கதிரை மறித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஆனாலும் திரும்ப அகற்ற முடியாத எதையும் அந்தத் தூண்களில் பூச நான் சம்மதிக்கமாட்டேன். முதலில் சாதாரண பலகையில் பரீட்சித்துப் பார்க்கட்டும்.

பரீட்சிக்க ஆட்களைத் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோனின் குழு, நனோ தைத்தேனியம் ஈரொட்சைட்டை வைத்துத் திண்ம நிலைச் சூரியக் கலத்தை 1995இலேயே செய்து காட்டியது. தைத்தேனியத்தின் மூலமான இல்மனைற்று புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் இருக்கிறது, பொறியியலும் இருக்கிறது. நகரத்துப் பழைய சுவர் ஒன்றில் பாதிக்குப் பெயின்ற், பாதிக்கு நனோ பூச்சு என்று பூசி, இரண்டு பருவமழை கழித்து அந்தச் சுவரைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று இந்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.