கரையாத கல்லும் கரைக்கும் கசடும்



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் காலத்தில் குற்றாலத்து ஐந்தருவிக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நீர் ஓயாது கொட்டும். எனினும் பலர் உலர்ந்த தலையோடு பின்னே நிற்பார்கள். நீருக்குப் பஞ்சமா? இல்லை. குளித்து முடித்தவர் விலகாமல் நிற்பதே தடை. அவர் நகர்ந்தாலன்றி அடுத்தவருக்கு அருவி கிட்டாது. எஃகு உலையில் நிகழும் ஒரு செயலை விளக்க எனக்குக் கிடைத்த உவமை இதுவே.

ஐந்தருவியின் நீர் சிற்றாற்றின் வழியே தாமிரபரணியை அடைகிறது. அத்தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, இரும்பாலான வாள்களும் ஈட்டி முனைகளும் வெளிப்பட்டன. பண்டைய உலைகளில் இரும்பு உருகி ஓடவில்லை. கல்லிலிருந்த மண்ணும் மணலுமே கசடாய் உருகி வடிந்தன. எஞ்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்து, உள்ளிருந்த கசடைப் பிதுக்கி எடுத்தனர். கசடு வெறும் குப்பையன்று. இரும்பின் அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் நீர்மம் அது.

இன்றைய ஆலைகளிலும் அதன் பணி அதுவே. உருகிய எஃகில் கரைந்துள்ள ஆக்சிஜனை அகற்ற அலுமினியத்தை இடுவதுண்டு. அப்போது அலுமினா என்னும் ஆக்சைடு நுண்துகள்களாய்த் தோன்றுகிறது. மயிரிழையின் பருமன்கூட இல்லாத அத்துகள் எஃகிலேயே தங்கிவிட்டால், ஓயாது சுமை தாங்கும் வில்சுருளிலும் உருளைத் தாங்கியிலும் விரிசல் அங்கிருந்தே தொடங்கக்கூடும். ஆகவே துகள் மேலே மிதந்து, எஃகின்மேல் நிற்கும் கசடுக்குள் புகுந்து, அங்கே கரைந்தொழிய வேண்டும். கரையாது நின்றால் மீண்டும் எஃகுக்குள் இழுக்கப்படலாம்.

ஆயின், அலுமினா உருகுவதற்கு ஏறத்தாழ 2,070 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். கொப்பரையிலுள்ள எஃகின் வெப்பமோ சுமார் 1,600 டிகிரிதான். பின் எவ்வாறு கரையும்? கற்கண்டு நாவில் கரைவதற்கு உருகவா செய்கிறது? உருகுதல் வேறு, கரைதல் வேறு.

துகளை ஒட்டியுள்ள கசடு விரைவில் அலுமினாவால் நிறைந்து பூரிதமாகிறது. இந்த மெல்லிய படலமே நம் அருவிக் கூட்டம். கரைந்த பொருள் படலத்தைக் கடந்து அப்பால் பரவினால்தான் துகள் மேலும் கரையும். வெப்பம் மிகுந்தால் பரவல் விரைவாகும். கலக்கினால் படலம் மெலியும். சிலிக்கா மிகுந்த கசடு பாகுபோல் தடித்திருக்கும். சுண்ணாம்பு அதன் பின்னலை அறுத்து இளக்கும். கலக்காத கசடில் பரவல் ஒன்றே தடையாயின், விட்டம் இரு மடங்கான துகள் கரைய நான்கு மடங்கு நேரம் ஆகும்.

சில வேளைகளில் கூட்டமே சுவராகிவிடுவதும் உண்டு. சிலிக்கா மிகுந்த கசடில் சுட்ட சுண்ணாம்புக் கட்டி விழுந்தால், அதைச் சுற்றிக் கால்சியம் சிலிக்கேட்டு ஓடு ஒன்று உருவாகிக் கரைதலைத் தடுக்கும். இரும்பு ஆக்சைடு அவ்வோட்டை உடைக்க உதவும்.

இவற்றைக் கண்ணால் காணவும் வழி பிறந்திருக்கிறது. ஒளி ஊடுருவும் கசடில் ஒற்றைத் துகளை இட்டு, வெப்ப மேடை பூட்டிய லேசர் நுண்ணோக்கியில் அது தேய்வதை நொடிதோறும் அளக்கின்றனர். தேயும் வேகத்தின் போக்கிலிருந்து தடை எதுவென ஊகிக்கின்றனர்.

இங்கே ஓர் இடரும் உண்டு. துகளைத் தின்னும் கசடு கொப்பரைச் சுவரின் செங்கல்லையும் தின்னும். சேலத்தில் கிடைக்கும் மாக்னசைட்டு என்னும் வெள்ளைக் கல்லைச் சுட்டால் மக்னீசியா கிடைக்கும். தீத்தாங்கு செங்கல்லுக்கு உதவுவது அதுவே. கசடில் முன்கூட்டியே மக்னீசியாவைச் சேர்த்துவிட்டால், சுவரைத் தின்னும் பசி அதற்கு அடங்கும். அலுமினாவின்மேல் கொண்ட பசியோ நிற்கும். இரண்டையும் ஒருங்கே ஈடேற்றும் அளவைக் காண்பதே எஃகு செய்வோரின் திறன்.

மாணவர்களே, இன்றிரவே மூன்று குவளைகளில் ஒரே அளவுள்ள கற்கண்டை இடுங்கள். முதல் குவளையில் நீரை அசையாது விடுங்கள், இரண்டாவதைக் கலக்குங்கள், மூன்றாவதில் நீருக்குப் பதில் சர்க்கரைப் பாகை ஊற்றுங்கள். எது முதலில் கரைகிறது, எது கரையாமலே நிற்கிறது என்று குறித்துவைத்துக் காரணத்தை ஆராயுங்கள்.