தலைக்கவசமும் தன் விருப்பமும்



பள்ளிக்கூட வாசலில் காலையும் பகலும் நிற்கின்ற ஆசிரியர்களுக்குச் சில காட்சிகள் பழகிப் போய்விடுகின்றன. மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டிமேல் ஒரு பிள்ளை. ஓட்டுகின்ற அப்பாவுக்கும் பின்னால் அமர்ந்திருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இன்னொரு பிள்ளை. அப்பாவின் தலைக்கவசமோ வண்டியின் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். "தலைக்கு வாங்கியதைக் கண்ணாடிக்குப் போட்டிருக்கிறீர்களே!" என்று கேட்டால், "தோட்டத்துக்குள்ளேதானே சார் ஓட்டுகிறேன், போலீஸ் இங்கே வராது" என்பார் ஒருவர். இன்னொருவர் இன்னும் நேராகவே சொல்லுவார்: "என் தலை சார், என் விருப்பம்."

இந்த இரண்டாவது பதிலைச் சிரித்துத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்மார் தோட்டத்திற்கு வந்த நாள்முதல் உத்தரவிலேயே வாழ்ந்தவர்கள். மணி அடித்தால் எழ வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். மண்டோர் காட்டிய நிரையில் பால் வெட்ட வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். அப்படி வாழ்ந்த சமூகத்திற்குப் புதிதாக ஓர் உத்தரவு வந்தால், 'இது யாருடைய வசதிக்கு?' என்ற ஐயம் எழுவது இயற்கை. ஐயப்படுவது தவறன்று. ஆனால் ஐயப்பட்டதோடு நின்றுவிடாமல் ஆராய்ந்தும் பார்க்க வேண்டும் அல்லவா? இன்று அதைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டின் தரக் குறியீடுகளில் 'எம்.எஸ். 1' என்ற முதல் எண்ணைப் பெற்றிருப்பதே இந்தத் தலைக்கவசம்தான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அதன் வேலை என்ன? வெளியோடு கெட்டியாக இருக்கிறது; உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு போன்ற பகுதி அடிபட்டவுடன் நசுங்குகிறது. அந்த நசுங்கலில்தான் உயிர் இருக்கிறது. மண்டையோடு வாங்க வேண்டிய விசையில் ஒரு பங்கை அது தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தைத் திரும்பவும் அணியக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். நசுங்கிய பகுதி மறுபடி உப்பி வராது. தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாமல் அணிந்தாலோ, கீழே விழுவதற்குமுன் தலைக்கவசம் தனியே பறந்துவிடும்.

தோட்டத்துச் சாலையில் ஆபத்து இல்லை என்பது வெறும் மனப்பழக்கம். செம்மண் சாலையின் வளைவில் சரளை கிடக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி நடுச்சாலையில் வருகிறது. மழை பெய்து ஓய்ந்தால் களிமண் வழுக்குகிறது. விழுகிறவனுக்கு அரசாங்கச் சாலை, கம்பெனிச் சாலை என்று தரை வேறுபாடு காட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

சரி, ஆபத்து உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆபத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றால், அரசாங்கம் ஏன் குறுக்கே வர வேண்டும்?

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வியை வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். வயது வந்த ஒருவனை அவனுடைய நன்மைக்காக என்று சொல்லி வற்புறுத்தக் கூடாது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே வற்புறுத்தலாம் என்பது அவருடைய கொள்கை. அவரே ஒரு பாலத்தை உவமை காட்டுகிறார். உளுத்துப்போன பாலத்தில் ஒருவன் அறியாமல் காலை வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுத்தால் அது அவன் சுதந்தரத்தைப் பறித்ததாகாது. ஏனென்றால் அவனுக்கு ஆற்றைக் கடக்கத்தான் ஆசை, ஆற்றில் விழ ஆசையில்லை. ஆனால் பாலத்தின் நிலை தெரிந்தே போகிறவனுக்கு எச்சரிக்கை சொல்லலாமே தவிர, பலவந்தமாகத் தடுக்கக் கூடாது என்பது அவர் கருத்து.

அழகான வாதந்தான். ஆனால் மில் காட்டிய பாலத்தில் ஒரே ஒருவன்தான் நடந்து போகிறான். நம் வண்டியிலோ எண்ணெய்த் தொட்டியின்மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வாதம் தெரியாது, விருப்பம் சொல்லும் வயதும் இல்லை. அப்பாவின் கைப்பிடியில் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு வருகிறது. குழந்தைகளுக்குத் தம் கொள்கை பொருந்தாது என்று மில்லே சொல்லியிருக்கிறார்.

சிலர் இங்கே செலவுக் கணக்கைக் கொண்டுவருவார்கள். அரசாங்க மருத்துவமனையின் செலவு பொதுமக்களின் வரிப்பணம். வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ தருகிற பணம் எல்லாத் தொழிலாளர்களுக்காகவும் கட்டப்படுகிற சந்தாவிலிருந்து வருவது. ஆகவே உன் தலை உனக்கு மட்டும் சொந்தமன்று என்பார்கள். கணக்கு சரிதான். ஆனாலும் அது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்து வரவுசெலவு எழுதுவது மனிதத்தன்மை ஆகாது. அவன் படுத்துவிட்டால் நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, தன் வேலையையும் பார்த்து, அவனையும் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறவள் யார் என்று கேட்டால் போதும்.

சட்டம் வளைந்துகொடுக்கவும் அறியும். தலைப்பாகை அணிகின்ற சீக்கியச் சகோதரர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. சமய நம்பிக்கை வேறு, சோம்பல் வேறு என்று அரசாங்கம் பிரித்துப் பார்த்திருக்கிறது.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். கொசு ஒழிப்பு அதிகாரி வந்து குளியலறைத் தொட்டியையும் பூச்சட்டியையும் எட்டிப் பார்த்தால் நம் பெண்களுக்குக் கோபம் வருகிறது. "என் வீட்டுக்குள்ளே நுழைய இவர் யார்?" என்கிறார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி வரை உடனடி அபராதம் எழுதலாம். இங்கே 'என் வீடு, என் விருப்பம்' என்ற வாதம் நிற்காது. டெங்கிக் கொசு சுவருக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. நம் தொட்டியில் பிறந்தது அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.

ஆனால் இங்கே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லயத்து வீடுகளில் வாளியும் பீப்பாயும் வரிசையாக இருப்பது யாருக்கும் அவற்றின்மேல் ஆசை இருப்பதால் அன்று. குழாயில் நீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத இடத்தில் தண்ணீரைச் சேமித்து வைக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குடிநீர் கொடுக்கும் கடமை நிர்வாகத்துடையது என்று 1990ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. பீப்பாய்க்கு அபராதம் எழுதுகிற கை, வராத குழாய்க்கும் எழுத வேண்டும். அதுவரையில் நாம் பீப்பாயை இறுக மூடி, வாரத்துக்கு ஒருமுறை முழுக்கத் தேய்த்துக் கழுவுவோம். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கழுவும் நாள் தவறினால் கொசு முந்திக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய செய்தி வேலைக்காட்டில் இருக்கிறது. புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலையைப் பல தோட்டங்களில் பெண்களே செய்துவந்திருக்கிறார்கள். முதுகில் மருந்துப் பம்பு, மேலே வெயில். முகமூடி, கையுறை, பூட்ஸ், நெஞ்சுக்குமேல் பிளாஸ்டிக் அங்கி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால் அரை மணியில் உடம்பு வெந்துபோகிறது. மூச்சு முட்டுகிறது. எத்தனை பம்பு அடித்தார்கள் என்பதைப் பொறுத்துக் கூலி என்றால், கவசத்தோடு மெல்ல நடப்பவளுக்குக் கூலி குறைகிறது. அவள் முகமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். மண்டோரும் பார்த்துப் பாராமல் போகிறார். பின்னாளில் நகம் அழுகி, மூக்கில் இரத்தம் வந்தால், "நாங்கள் கொடுத்தோம், அவள்தான் போடவில்லை" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அவள் கழற்றியது அவளுடைய சுதந்தரமா? என்னால் அதற்கு அந்தப் பெயரிட முடியவில்லை. கூலி ஒரு பக்கமும் மூச்சு ஒரு பக்கமும் இழுக்கும்போது செய்வது விருப்பம் ஆகாது.

பாரக்குவாட் என்ற களைக்கொல்லியின் கதையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். முறிவு மருந்து கிடையாது. மலேசியா 2002ஆம் ஆண்டில் அதற்குத் தடை அறிவித்தது. தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்ட தெனகானித்தா போன்ற அமைப்புகள் அந்தத் தடைக்காகக் குரல் கொடுத்தன. ஆனால் 2006இல் தடை தளர்த்தப்பட்டது. மறுபடியும் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள். முதல் தடைக்கும் இறுதித் தடைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அத்தனை ஆண்டுகளில் முகமூடி அணியச் சொல்லித் தொழிலாளிக்குப் பாடம் நடத்தினோம். நஞ்சையே எடுத்துவிட்டால் அந்தப் பாடத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது. பாதுகாப்பு விதிகளில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், தொழிலாளியின் முகத்தில் எதையாவது கட்டுகிற விதியைவிட, ஆபத்தை வேலையிடத்திலிருந்தே அகற்றுகிற விதிதான் என்பேன்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் இருந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பி வேலி போடப்பட்டது. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. என் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதைவிட வாசலில் அவிழ்த்துப் பார்த்த தூக்குச் சட்டியைப் பற்றித்தான் அதிகம் சொல்லுவார். உங்கள் பாதுகாப்புக்காக என்றுதான் அப்போதும் சொல்லப்பட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பத்துக் கிலோ மீட்டருக்கு அப்பால் போகக் கூடாது என்றபோது, வயதான சிலருக்கு அந்தப் பழைய வேலி நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை. இரண்டையும் நான் சமமென்று சொல்லவில்லை. நோய்க்காக வந்த கட்டுப்பாடு எல்லார்க்கும் வந்தது, காரணம் சொல்லி வந்தது, தொற்றுத் தணிந்ததும் போயிற்று. முள்வேலிக்குள் இருந்தவர்களுக்குக் கேள்வி கேட்கவே இடமில்லை.

கேள்வி கேட்க இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு உரைகல்லாகத் தோன்றுகிறது. அந்த வகையில் நம் தொழிற்சட்டத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் தோட்டத்து வீடுகளுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

1967ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையையும் இயந்திரங்களையும் கவனித்ததே தவிர, வேலைக்காட்டைக் கவனிக்கவில்லை. 1994இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்தான் விவசாயத்தையும் உள்ளே கொண்டுவந்தது. அதன் 15ஆம் பிரிவு முதலாளியின் கடமையைச் சொல்கிறது. கொடுத்த கவசத்தைத் தொழிலாளி அணிய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. பூட்ஸ் விலையைச் சம்பளத்தில் கழித்தால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பகுதியில் 26ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ பெருங்கேடு உடனே நேரும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, நிர்வாகமும் அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கோலுக்கு எட்டும் உயரத்தில் மின்கம்பி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இங்கே வெட்டமாட்டேன்" என்று சொல்வது இன்று அடங்காமை ஆகாது, உரிமை. ஆனால் வாய்மூடி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. முதலில் மண்டோரிடமோ கிராணியிடமோ ஆபத்தைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இடத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். எழுத வராதவர்களுக்கு வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிறது. பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்கும் இந்த உரிமை உண்டு. அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். உங்கள் தோட்டத்தில் அந்தப் பிரதிநிதி யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று நாளைக் காலைப் பெரட்டில் கேட்டுப் பாருங்கள்.