யாத்திரையும் உல்லாசப் பிரயாணமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று மன்றச் செயலாளரைக் கேட்டோம். “பிரயாணத்தைப் பற்றிப் பேசுங்கோ ஐயா, ஆனால் எங்களை ஏசாமல் பேசுங்கோ” என்றார். அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணமுண்டு. சனி, ஞாயிறு வந்தால் நம் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளிலும் வானிலும் புறப்பட்டுவிடுகின்றனர். காரைநகர்க் கசூரினாக் கடற்கரை என்றும், மணற்காடு என்றும், நயினாதீவு என்றும் போய் வருகின்றனர். பெரியோர் இதனை ஊர்சுற்றல் என்கின்றனர். பெரியோருக்கு வீட்டு விறாந்தையே உலகம் என்று இளைஞர் சொல்லுகின்றனர். இரு சாராரும் ஒருங்கே கூடியிருக்கும் இவ்விடத்தில் இருவருக்கும் பொதுவாகச் சில கூற விரும்புகின்றோம்.

முதலாவது, பிரயாணம் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று. திருஞானசம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் தலந்தலமாகச் சென்றிராவிட்டால் தேவாரம் நமக்குக் கிடைத்திராது. திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் உண்டு என்று இன்று நாம் பெருமை பேசுகின்றோமே, அதுவும் அந்தத் தலயாத்திரைகளின் பயனே. நம் அயலூராகிய சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தார்கள். ஆகவே வீட்டை விட்டு வெளியே போவது குற்றமன்று. எப்படிப் போகின்றோம், யாரை அழைத்துப் போகின்றோம் என்பவையே கேள்வி.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் பங்குனித் திங்கள் வந்தால் புத்தூரிலிருந்து மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்கு வண்டில் கட்டிப் போவார்கள். முதல் நாட் பின்னேரமே எருதுகளைக் குளிப்பாட்டிச் சலங்கை கட்டிவிடுவார்கள். வண்டிலில் வைக்கோல் பரப்பி, அதன்மேற் பாய் விரித்து, பொங்கற் பானை, அரிசி, விறகு, கத்தரிக்காய் யாவற்றையும் அடுக்குவார்கள். அடியில் அரிக்கன் லாந்தர் தொங்கும். விடியுமுன் புறப்பாடு. வண்டிலில் முதல் இடம் யாருக்கு? வீட்டுக் கிழவிக்கு. அடுத்த இடம் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு. நடக்கக்கூடிய இளைஞர் யாவரும் வண்டிலின் பின்னே நடந்தே வருவர். இந்த ஒழுங்கை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் எவரும் மீறியதை நாம் கண்டதில்லை.

வண்டிலும் கால்நடையும் வழக்கில் இருந்த அக்காலத்து வீதியைப் பாருங்கள். தலைச்சுமையோடு தனியே வருபவன் சுமையை இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நின்றது சுமைதாங்கிக் கல். தோளளவு உயரத்தில் நிற்பதால் தலையிலிருந்த சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறி, பின் பிறர் உதவியின்றி ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றிற் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகவே அக்கற்களிற் பல நாட்டப்பட்டன. இறக்கி வைக்க முடியாமற் போன ஒரு சுமைக்காக, ஊரார் எல்லாருடைய சுமையையும் தாங்க ஒரு கல். இதைவிட உயர்ந்த நினைவுச் சின்னம் உலகில் எங்கேனும் உண்டோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

சுமைதாங்கிக்கு அருகே மாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, அது உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல், மனிதர் குடிக்கக் கிணறு, படுக்க மடம். பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். இரு பக்கமும் கல்லாலான திண்ணை. நடுவே வீதி போகின்றது. வழிப்போக்கன் மடத்தைத் தேடி ஒதுங்கிப் போகவேண்டியதில்லை. மடமே அவன் வழியில் வந்து நிற்கின்றது. செல்வச் சந்நிதியிலும் யாத்திரிகர் பசியோடு திரும்பக்கூடாது என்னும் எண்ணத்தாலேயே மடங்கள் எழுந்தன. முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்ற பெயரும் வழங்கலாயிற்று.

பின்னர் மோட்டார் வந்தது. சாமானும் சனமும் ஒன்றாக ஏறும் தட்டிவான், ஓஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவை நம் வீதிகளின் சொந்தக்காரர் ஆயின. 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியது; கொழும்பும் கிட்டியது. ஆனால் 1990இல் யாழ்தேவி நின்றது. எரிபொருளும் தடைப்பட்டது. ஆனையிறவு வழி அடைபட்டு, கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்திற் கடந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கின்றனர். அந்தக் கடலிலேயே உயிரிழந்தவர்களையும் நாம் மறக்கலாகாது.

அக்காலத்தில் நமக்குக் கைகொடுத்தவை அந்தப் பழைய கார்களே. இதில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகையால் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவாதலால் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. வீதியெங்கும் புகையும் நாற்றமுமாக இருந்தது உண்மையே. ஆயினும் பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும் காயப்பட்டவர்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அவைதாம். இலண்டனிலிருந்து பிறைற்றன் நகருக்கு ஆண்டுதோறும் நொவெம்பரில் 1905க்கு முற்பட்ட கார்களை ஓட்டிச் சென்று மகிழ்கின்றனர். நல்ல பொழுதுபோக்கே. நம்மவரோ வேறு வழியில்லாமையினாற் பழைய காரைப் பாதுகாத்தனர். வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய ஓஸ்ரினைக் காண்கின்ற இளைஞர், அதனைப் படம் பிடிக்குமுன், அது யாரை எங்கே கொண்டுபோயிற்று என்று வீட்டாரைக் கேட்க வேண்டுகின்றோம்.

வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின், கீரிமலையில் ஆடி அமாவாசைக்கு நீராடும் வழக்கங்கூடப் பலருக்கு நெடுங்காலம் கனவாயிற்று. போர் 2009இல் முடிந்தது. தெற்கே செல்லும் வீதி திறந்தது. 2014 ஒற்றோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை மட்டும் றெயில் ஓடியது. அடைபட்டுக் கிடந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஊர் பார்க்கப் புறப்படுகின்றனர் என்றால், அதனை ஊர்சுற்றல் என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. பெரியோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இனி இளைஞருக்கு ஒன்று. ஏசாமலே சொல்லுகின்றோம்; ஏனெனில் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு ஆனி மாதம் நம் அயலிளைஞர் சிலர் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வானிற் புறப்பட்டனர். நம்மையும் அழைத்தனர், போனோம். ஒழுங்கையில் ஒரு வயோதிப அம்மா படலையைப் பிடித்தபடி நின்றார். வானை மறித்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை எடுத்து நீட்டினார். “தம்பியவை, எனக்காகவும் ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வாங்கோ. நான் அம்மாளாச்சியைப் பார்த்து முப்பது வருஷமாச்சு” என்றார். காசை வாங்கிக்கொண்டோம். கற்பூரமும் கொளுத்தினோம். திரும்பி வரும்போது குறிகட்டுவானில் வானில் ஏறியபோதுதான் நம் கண்ணிற் பட்டது: பின்னால் மூன்று இருக்கைகள் வெறுமையாய் இருந்தன. போகும்போதும் அவை வெறுமையாகவே இருந்தன.

அந்த அம்மாவை ஏற்றிச் செல்லலாம் என்று இளைஞர் ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டிலில் கிழவிக்கு முதலிடம் கொடுத்த காலத்தைக் கண்ணாற் கண்ட நமக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அழைத்துச் செல்வோம் என்று மனத்துள் எண்ணிக்கொண்டோம். இவ்வாண்டும் ஆனி வந்தது. அந்த அம்மா இல்லை.

அன்பர்காள், யாத்திரைக்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் உள்ள வேறுபாடு போகும் இடத்தில் இல்லை. கோயிலுக்குப் போயும் உல்லாசமாகவே திரும்பலாம். கடற்கரைக்குப் போயும் அறம் செய்து திரும்பலாம். பிறருக்கு இடம் வைத்துப் போவது யாத்திரை. அவ்வளவே.

ஆதலின் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, மன்றத்தார் புறப்படும் எந்த வானிலும் இரண்டு இருக்கைகள் ஊர் முதியோருக்கென்று ஒதுக்கப்படுக. இரண்டு, நம் சுற்றுவட்டத்தில் சாய்ந்தும் பற்றைக்குள் மறைந்தும் கிடக்கும் சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் யாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிற் சுற்றிக் கணக்கெடுத்து, ஆண்டுக்கு ஒன்றையேனும் நிமிர்த்தி நாட்டுக. இன்று அதன்மேற் சுமை வைப்பார் இலர் என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதை நாட்டியவர்களின் துயரமும் அறமும் அக்கல்லோடு நிற்கின்றன. மூன்று, தொலைதூரம் போகுமுன் அயலிலுள்ள நிலாவரைக்குச் சிறுவர்களை நடத்திச் செல்க. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் அக்கிணற்றைக் காட்டி, சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதையும், மேலுள்ளதை அளவின்றி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலே வரும் என்பதையும் விளக்குக. இதனை அறியாத பிள்ளை எத்தனை ஊர் பார்த்தும் தன் ஊரைப் பார்த்தவன் ஆகான்.

பெரியோருக்கு ஒரே வேண்டுகோள்: பிள்ளைகள் அழைத்தால் மறுக்காமல் ஏறுங்கள். வழியில் உங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்லுங்கள்.

அடுத்த பங்குனித் திங்களுக்கு மட்டுவிலுக்கு மன்றம் வான் ஒழுங்குசெய்யும் என்று செயலாளர் சற்று முன்னர் நம் காதிற் சொன்னார். முன் இருக்கை நமக்காம். வேண்டா, நமக்கு இன்னும் நடக்கக் கால் உண்டு. அந்த இருக்கைக்கு உரியவர் ஏதேனும் ஒரு படலையில் நிற்பார். அவரைத் தேடி ஏற்றுங்கள்.

திருவருள் துணை நிற்பதாக.