பாக்சைட் குழிகள் வெறும் தரிசா?

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர்கள், மலைவாழ் மக்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலைமேல் மண் உரிக்கப்பட்டுக் கிடக்கும் பாக்சைட் குழிகளை யார் பார்க்கிறார்கள்? இன்று அவற்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பாக்சைட் எப்படி உண்டாயிற்று? யுக யுகமாகப் பெய்த மழை, பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அலுமினியமும் இரும்பும் மிகுந்த மண் மிஞ்சியது. நுண்துளைகள் நிறைந்த அந்தப் படிவம் மழைநீரைக் குடித்து வைத்திருந்து மெல்லக் கசியவிடும். அதைத்தான் வெட்டினார்கள். மதராஸ் அலுமினியம் கம்பெனியின் மேட்டூர் ஆலை 1965ல் உற்பத்தி தொடங்கியது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அதற்குத் தீனி போட்டன. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் நாலு டன் பாக்சைட்! 2008ல் உருக்காலை நின்றது. உலோகம் ஊர் ஊராகப் போய்விட்டது. குழி நம்மிடம் இருக்கிறது.

'எதற்கும் உதவாத தரிசு, விடுதி கட்ட விற்றுவிடு' என்கிறவர்கள் உண்டு. 'சில்வர் ஓக்கை வரிசையாக நடு, பச்சையாகத் தெரிந்தால் போதும்' என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சுமே எனக்குச் சம்மதமில்லை.

சத்துக் குறைந்த வெட்டாந்தரையில் மரம் சீக்கிரம் மூடுவதில்லை. அதனாலேயே புல்லுக்கும் சிறு பூஞ்செடிகளுக்கும் இடம் கிடைக்கிறது. வெயில் படும் மண்ணில் தனித்து வாழும் தேனீக்கள் வளை தோண்டும். செங்குத்தான மண்சுவரில் பஞ்சுருட்டான் கூடு குடையும். மீன் இல்லாத மழைக்குட்டையில் தவளைக் குஞ்சு பிழைக்கும். இந்தத் தேனீயைச் சாமானியமாக நினைக்காதீர்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பி, தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ஜாதிதான். ஆனாலும் தேனீ வந்தால் காய்பிடிப்புக் கூடுகிறது.

இங்கிலாந்தில் கான்வி தீவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக எடுத்து 1970களில் கைவிட்ட நிலம் ஒன்று. அங்கே 1,300க்கு மேற்பட்ட ஜீவராசி வகைகளைக் கணக்கெடுத்தார்கள். 2005ல் அது பாதுகாக்கப்பட்ட இடமாயிற்று.

உடனே கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? 'இயற்கையே சரிசெய்து கொள்கிறதே, நான் ஏன் பணம் போட வேண்டும்?' என்பான். ஏமாறாதீர்கள்! வெட்டிய பாக்சைட் திரும்பாது. பழைய ஊற்றும் அப்படியே திரும்பாது. இந்த மலைக்கே உரிய வெர்னோனியா சேர்வராயன்சிஸ் மரம் தானாக வந்து நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சரியும் விளிம்பில் மாடும் குழந்தையும் விழுந்தால் இயற்கையா தூக்கிவிடும்?

சுரங்க நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனத்துக்கு ஏற்றதாக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. 2015ல் திருத்திய சட்டப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளையும் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஆபத்தான சரிவைச் சீராக்கு; சில மண்சுவர்களையும் குட்டைகளையும் விட்டுவை; உண்ணிச்செடியைப் பிடுங்கு; இந்த மலையின் புல்லையும் மரத்தையும் வளர்த்து நடு. அந்த வேலையை ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்காதே. முன்பு மண் வெட்டிய கைகளுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் முழுக்கூலியோடு கொடு.

மழை பிடிப்பதற்குள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு பேர் குழிகளைச் சுற்றிப் பார்த்து, எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே விளிம்பு சரிகிறது, எங்கே மாடு மேய்கிறது என்று எழுதி வாருங்கள். அந்தக் கணக்கோடு ஒரு திங்கட்கிழமை சேலத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுப்போம்.