காற்றும் கடிகாரமும்

"நேரமில்லை" என்ற சொல்லை நம் நாட்டில் மிகுதியாகக் கேட்பவர்கள் பாடசாலை அதிபர்களே என்று நான் நினைப்பதுண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால் நேரமில்லை. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துக் கையொப்பமிட நேரமில்லை. நிலாவெளியில் இப்படிச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். நான்கு அறை கொண்ட விருந்தினர் விடுதியை நடத்துபவர், புறாத்தீவுக்குப் படகு விடுபவர், கரைவலைச் சொந்தக்காரர், பலசரக்குக் கடைக்காரர், வெங்காயம் பயிரிட்டுத் தாமே சந்தைக்கு ஏற்றுபவர் ஆகிய இவர்கள் எல்லோரும் விடியுமுன் எழுந்து ஊரடங்கிய பின் படுப்பவர்கள். காலம் பொன் போன்றது என்று இவர்களுக்குப் போதிப்பது வீண். அந்தப் பொன் எந்தத் துவாரத்தால் ஒழுகுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

நேரத்தைத் திட்டமிடுவது பற்றிப் பெருநகரங்களில் எழுதப்படும் நூல்கள் பல, இன்றைய நாளும் நாளைய நாளும் ஒரே தன்மையுடையவை என்று கொண்டு பேசுகின்றன. மேசையின் முன் அமர்ந்து தொழில் செய்பவருக்கு அது பொருந்தலாம். கிழக்குக் கரையிலோ ஆண்டை வகுப்பது காற்று. கச்சானும் சோளகமும் வீசும் மாதங்களில் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை உல்லாசப் பயணிகள் வருவர், கரைவலை இழுபடும், புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும். பிறகு வாடை பிறந்து மழை இறங்கியதும் கடல் கலங்கும், அறைகள் வெறுமையாகும். ஆறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் உண்ணவேண்டிய தொழில் இது. நோன்மதி தினத்தையொட்டி நீண்ட விடுமுறை வந்துவிட்டால், ஒரு வாரத்து வேலை மூன்று நாளில் வந்து குவியும்.

இந்த அவசரத்தை வெறும் பொருளாசை என்று நான் சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்ததை இக்கரை கண்டது. போர் 2009 இல் ஓய்ந்தது. அதன்பின் மெல்ல வளர்ந்த தொழில், 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தபோது சரிந்தது. 2020 இல் கொள்ளைநோயால் நின்றது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது மீண்டும் தளர்ந்தது. வந்த விருந்தினரை இன்று திருப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு பருவமே வாராது போகலாம் என்ற அச்சம் இம்மக்களின் நெஞ்சில் உண்டு. ஆகவே எதற்கும் "இல்லை" என்று சொல்லாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறார்கள். நேரம் சிதறுவது அங்கேதான் தொடங்குகிறது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது, எங்கள் மாவட்டத்தார் பெற்ற ஒரு விசித்திர அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே எடுக்கப்பட்டது; 2006 ஏப்ரலிலேதான் பழைய நிலை திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அப்பத்தாண்டுகளும் பழைய நேரமே வழங்கியது. ஒரே மாவட்டத்தில் இரண்டு நேரம்! ஒருவரைச் சந்திப்பதாயின், "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத் தெளிந்த பிறகே புறப்படவேண்டும். இடர்ப்பாடுதான், ஆயினும் சொன்ன நேரம் எது என்று இருவரும் உறுதி செய்துகொள்ளும் பழக்கமொன்று அதனால் இருந்தது. இன்று கடிகாரம் ஒன்றாகிவிட்டது. அந்தப் பழக்கம் போய்விட்டது. "இப்ப வாறன்" என்று சொன்ன மின் திருத்துநர் மாலையில் வருகிறார். ஐஸ் கொண்டுவரும் வண்டிக்காக வாடியில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் தாமதித்த அரை மணி, பத்துப் பேரின் ஐந்து மணியாகிறது என்ற கணக்கை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை.

நேரத்தைக் கையாளும் வித்தையில் எங்கள் ஊரில் சிறந்த ஆசிரியர் யாரெனக் கேட்டால், கரைவலைக்காரரையே காட்டுவேன். தோணியில் வலையைக் கொண்டு சென்று கடலில் வளைத்து விட்டபின், இருபுறக் கயிறுகளையும் பிடித்து அம்பா பாடிக்கொண்டு கரையில் நின்று இழுக்கிறார்கள். மடி கரையேறச் சில மணி நேரம் செல்லும். அதுவரை அந்த மனிதர் வேறொரு காரியத்தில் தலையிடுவதில்லை. இடையில் ஒருபுறக் கயிறு தளர்ந்தால் மீன் போய்விடும் என்பதை அவர் அறிவார். மடி ஏறிய பின்னரே விலை பேசுவார், கடன் கேட்பார், வழக்கும் பேசுவார். விடுதி நடத்துபவரின் நிலையோ இதற்கு நேர்மாறு. ஒருவர் கேட்ட தேநீரை ஊற்றும்போது கைத்தொலைபேசி ஒலிக்கிறது. அறை முன்பதிவைப் பேசும்போது மீன்காரர் வாசலில் நிற்கிறார். மீனை நிறுக்கும்போது கொழும்பிலிருந்து வான் வந்து சேர்கிறது. மாலையில் பார்த்தால் முப்பது வேலை தொடங்கப்பட்டிருக்கும். முடிந்தது எட்டாக இருக்கும். உடல் களைத்தது உண்மை. வேலை நடந்ததா என்பது வேறு கேள்வி.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. பருவ காலத்து நாளிலும் ஓர் ஓய்ந்த வேளை உண்டு. பண்டைத் தமிழர் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதாக எற்பாட்டை வகுத்தனர். பொழுது சாயும் பிற்பகல் என்று பலரும் அதற்குப் பொருள் கொள்வர். புறாத்தீவுக்குச் சென்றவர்கள் திரும்பி உணவுண்டு படுத்திருக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட பொழுது அது. கணக்கெழுதுவது, முன்பதிவுகளுக்கு மறுமொழி அனுப்புவது, மறுநாள் சாமான் பட்டியல் போடுவது ஆகிய மூன்றையும் அவ்வேளைக்கென்று ஒதுக்கிவிட்டால், காலை முழுவதும் அவை கையைப் பிடித்து இழுக்கமாட்டா. அரை மணிக்குமேல் அதற்குக் கொடுக்கவும் வேண்டாம். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படை வரலாற்றறிஞர், கொடுத்த நேரம் முழுவதும் நிரம்புமட்டும் வேலை நீளும் என்று 1955 இல் நகைச்சுவையாக எழுதினார். அரசாங்க அலுவலகங்களை நினைத்து அவர் எழுதியது, கடன் கொப்பிக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

இனி, அதிபர் என்ற முறையில் என் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். நேரம் போதாத தொழிலாளர் அதை எங்கிருந்து பெறுகிறார்? பல வீடுகளில் பிள்ளையிடமிருந்து பெறுகிறார். ஆடி, ஆவணி மாதங்களில் வரவுப் பதிவேட்டைத் திறந்தால் வெள்ளி, திங்கட்கிழமைக் கட்டங்களில் வெறுமை தெரியும். வாரக்கடைசி விருந்தினருக்காக ஒரு பிள்ளை அறை பெருக்கியிருப்பாள். இன்னொருவன் படகில் தண்ணீர் இறைத்திருப்பான். ஒரு தகப்பனாரைக் கேட்டேன். "ஆள் வைச்சால் கட்டாது, சேர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கை முழுவதும் போடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாளாக இருபது வாரம் தவறினால் நாற்பது பாடசாலை நாள். எட்டு வாரப் படிப்பு. அரைநாட் கூலிக்கு ஓர் ஆளை வைத்தால் அந்தச் செலவு கொப்பியில் தெரிகிறது. பிள்ளையின் எட்டு வாரம் எந்தக் கொப்பியிலும் தெரிவதில்லை. 2019 வரை பல ஆண்டுகள் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்தில், பருவத்தின் உச்சத்திலேயே நடந்தது. மேசை துடைத்துவிட்டு ஓடிவந்து பரீட்சை எழுதிய மாணவரை நான் அறிவேன். பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது, எற்பாட்டு வேளையில் தகப்பனின் அருகிலிருந்து கணக்கெழுதும் பிள்ளை இரண்டு கல்வியும் பெறுகிறது.

நாங்களும் எங்கள் கடிகாரத்தைச் சற்று அசைத்தோம். சோளக மாதங்களில் பெற்றோர் கூட்டத்தைப் பகலில் வைக்காமல் இரவு ஏழரை மணிக்கு வைத்தோம். மீன்வாடியிலிருந்து நேரே வந்தவர்களும் இருந்தனர். மண்டபத்தில் மீன் வாசம் வீசியது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

மற்றொன்று. பருவத்தில் செய்யவேண்டாதவற்றைப் பருவத்தில் செய்யாதிருப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும் வழியே. திருக்குறளில் காலமறிதல் என்பது 49 ஆம் அதிகாரம். அதன் இறுதியில் வள்ளுவர் கொக்கைக் காட்டுகிறார். எங்கள் களப்பில் நாள்தோறும் அதைக் காணலாம். கூம்பும் பொழுதில் அது ஒடுங்கி நிற்கும், வாய்ப்பு வந்தால் குத்தும். நம்மவரோ விருந்தினர் நிறைந்திருக்கும்போது சுவருக்குச் சாயம் பூசுகிறார்கள், அனுமதிப் பத்திரத்துக்கு நகரத்துக்கு ஓடுகிறார்கள், கடனைப் பேச வங்கியில் காத்திருக்கிறார்கள். படகுப் பழுது, கூரைத் திருத்தம், பத்திரம் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விருந்தினரோடு பேசப் பழகுதல் ஆகிய இவையனைத்தும் வாடைக் காலத்துக்கு உரியவை. திகதி குறிப்பிட்ட காரியங்களை மட்டும் முன்கூட்டியே பட்டியலிட்டு, பருவம் தொடங்குமுன் முடித்துவிடலாம்.

கணக்கெழுதத் தெரியாது என்பவர்களுக்காக, எங்கள் வர்த்தகப் பாட ஆசிரியர் கார்த்திகை மாதத்தில் மாலை வேளைகளில் கற்பிக்க இசைந்திருக்கிறார். ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுவந்தாற் போதும். மழை பலமாயிருந்தால் அடுத்த நாள் வரலாம்.