காலின் பலமா, கையின் பழக்கமா?

ஆளரவமற்ற மலைப்பாதையில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவரைக் கரைசேர்ப்பது காலின் பலமா, கையின் பழக்கமா என்பது இன்றைய கேள்வி. காலுக்காக எதிரணியினர் அழகாகவே வாதாடினார்கள். மிதிக்கக் கால் வேண்டும், ஒப்புக்கொள்வோம். அறுந்த செயினைக் கோக்க அது உதவாதே!

இதற்கு உலகில் பேர்போன பாதை வட அமெரிக்காவின் ‘கிரேட் டிவைட்’. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து ராக்கி மலைத்தொடரை ஒட்டியே மெக்சிகோ எல்லைவரை சுமார் 4,400 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சரளைக்கல்லும்தான். 2008இல் தொடங்கிய ‘டூர் டிவைட்’ ஓட்டத்தில் பின்னால் உதவி வண்டி வரக்கூடாது. தேவையானதைச் சுமக்க வேண்டும், அல்லது வழியிலுள்ள கடையில் வாங்க வேண்டும். வயோமிங் மாநிலத்து வறண்ட வெளியில் கடை என்ன, தண்ணீரே அபூர்வம். மழை பெய்தாலோ களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. 2016இல் பிரிட்டிஷ் வீரர் மைக் ஹால் இதை 14 நாளுக்குள் முடித்தார். அந்தக் காலைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் அந்த ஓட்டத்தில் பழுது பார்ப்பதும் அவரவர் பொறுப்புதான்.

அவ்வளவு தூரம் போவானேன், ஜொகூருக்கே வாருங்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாருவில் நின்றது. சுமார் 1,100 கிலோமீட்டர், 55 நாள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தார்கள். பெரும்பாலும் தார்ச்சாலை, தேவைப்பட்டபோது தோட்டத்துப் பாதை. பாலம் தகர்ந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிரிகள் மிரண்டதுண்டு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் பழுதுபார்க்கக் குறைந்தது இருவர் இருந்ததாக, அந்தப் படையின் திட்டத்தை வகுத்த மசனோபு சுஜி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பான் மலாயாவில் மலிவு விலைச் சைக்கிள்களை விற்றிருந்ததால், உதிரிப் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. போதாததற்குப் பொதுமக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டார்கள். இதில் புகழ ஒன்றுமில்லை. இதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப்போனதும் அவர்கள்தான். ஆனால் சைக்கிள் எதனால் ஓடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்று அந்த ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாகிவிட்டன. வார இறுதியில் குளுவாங், சிகாமட் பக்கம் இளைஞர்கள் விலை உயர்ந்த மலைச் சைக்கிளோடு இறங்குகிறார்கள். நல்லதுதான். அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும், ஏனென்றால் அது தோட்டத்தாரின் நிலம். மின்சார கியர் பூட்டியவர், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வார்? அந்தச் சைக்கிளின் உதிரிப் பாகம் சின்ன ஊர்க் கடையில் இருக்காது. செம்மண்ணில் மழை பெய்து, கைப்பேசியில் அலைவரிசையும் இல்லாமல் பொழுது சாய்ந்தால் சிரமம்தான். குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத்தில் காட்டு யானைகள் நடமாட்டம் உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவரை அவை பொறுத்துக்கொள்ளும் என்று எதிரணியினர் நம்புகிறார்களா?

வீட்டு வாசலில் விளக்கை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதை எதிரணித் தலைவர் அடுத்த வாரம் வந்து சொல்லட்டும்.