கோப்பியும் கிணற்று நீரும்

உடையார்கட்டிலே விருந்தினருக்கு வார்க்கும் கோப்பி சுவை குன்றினால், பழி இல்லத்தரசியின் மீதே விழும். குற்றம் நீரினதாகவும் இருக்கலாம் அன்றோ? வன்னி அடங்கிய வரண்ட வலயத்திற் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். அதிற் கரைந்துள்ள கல்சியமும் மகனீசியமும் அளவோடிருப்பின், கோப்பித்தூளின் சாரம் நன்கு இறங்கும். இருகாபனேற்று மிகுந்தாலோ, கோப்பிக்குரிய இனிய புளிப்பு மாய்ந்து, சுவை மந்தமாகிவிடும். கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவு அத்தகைய நீருக்கு அடையாளம்.

அந்நீரைச் சில நிமிடம் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மாத்திரம் இறுத்து, மீண்டும் சூடாக்கிக் கோப்பி போடுதல் நன்று. உவர்ப்போ கொதித்தாலும் நீங்காது. நீர் வற்ற வற்ற மிகும். அதற்கு நன்னீர்க் கிணற்றை நாடுவதே வழி.

ஒரே தூளை இருவகை நீரிலும் போட்டுப் பருகிப் பார்த்தால், பழி யாரைச் சாரும் என்பது புலப்படும்.